கார்த்திகைப் பனியின் இடம்

அந்த மலைச்சரிவில் முதலில் வந்து இடம் பிடித்தது கார்த்திகை மாதம் பெய்த வெண்பனிதான். வெறும் குளிரில் தன்னந்தனியாகக் கிடந்து, உடம்பெல்லாம் சர்க்கரை மாதிரி உதிரி உதிரியாகிவிட்டது. அப்போதுதான் மார்கழிப் பனி, அவ்வளவு பெரிய மலையில் வேறு இடமே இல்லாத மாதிரி, நேராக அதன் மேல் வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

கார்த்திகை பண்ணிக்கொண்டது. மார்கழி காற்றில் பலகையாக இறுகிப்போனது. பிறகு தைப் பனி மூட்டை முடிச்சோடு வந்து பலகைமேல் விழுந்தது.

"தம்பிகளா, என்னால முடியலப்பா. எந்த நேரத்திலயும் நழுவிடுவேன்," என்று முனகியது கார்த்திகை.

"இத்தனை நாள் தாங்கினீங்களே, அண்ணே! அசையாம இருங்க," என்றது மார்கழி.

"மேலேர்ந்து பார்த்தா எல்லாம் வழவழன்னு அழகாத்தானே இருக்கு?" என்றது தை.

அந்த நேரம் பார்த்து ஒரு மலையாடு குறுக்கு வழி தேடி வந்தது. "ஓரமாப் போயிடறேன், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க," என்று ஒரு காலை வைத்தது.

அடியில் "உம்ம்" என்று ஒரு சத்தம். பலகை பிளந்தது. ஆடு பாறைக்குத் தாவிவிட்டது. பனி மொத்தமும் சரிந்து, புரண்டு, பள்ளத்தில் போய்க் குவிந்தது.

"யாருய்யா என் மேல? மூச்சு முட்டுது!" என்று அலறியது மார்கழி.

குவியலின் உச்சியில் வெயில் காய்ந்தபடி காலை நீட்டிக்கொண்டது கார்த்திகை.

"நான்தான் தம்பி. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."