மோட்டார் தொட்டி

மிளகாய்த் தோட்டத்து வரப்பில் வெயிலை அளக்கும் கருவியை நட்டுவைத்துவிட்டு, சுகாதார ஆய்வாளர் செலின் அங்கே வேலை செய்த பெண்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டாள்: "தலை சுத்துதா? வாந்தி வருதா?"

எல்லோரும் ஒன்றுமில்லை என்றார்கள். வேலை நின்றால் கூலி போய்விடுமே என்ற பயம். மாடத்தி மட்டும், சம்பந்தமே இல்லாமல், "பஸ் வந்துருச்சா?" என்றாள். செலின் அவள் கழுத்தைத் தொட்டாள். கொதித்தது, பொட்டு வியர்வை இல்லை.

செலின் போட்ட சத்தத்தில் தோட்டத்துச் சொந்தக்காரர் சுடலைமுத்து ஓடிப்போய் மோட்டாரைப் போட்டார். பெண்கள் மாடத்தியைத் தூக்கிவந்து தொட்டியில் கழுத்தளவுக்கு இறக்கி, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். வெகுநேரம் கழித்துத்தான் அவள் கண் தெளிந்து சுற்றிலும் பார்த்தாள்.

"என்னைய எதுக்குடி சேலையோட குளிப்பாட்டுறீங்க?"

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"இனிமே விடியமுன்ன வந்துட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள போயிருங்கத்தா. கூலியில கை வைக்க மாட்டேன்," என்ற சுடலைமுத்து, ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்க ஓடினார்.

"வண்டி வர்ற வரைக்கும் இதுக்குள்ளயே கெடக்கேன் மேடம். நல்லாருக்கு," என்றாள் மாடத்தி.

அதைக் கேட்டதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தொட்டிக்குள் இறங்கினார்கள். தண்ணீர் விளிம்பு தாண்டி வழிந்து பாத்தியெல்லாம் ஓடியது. செலின் செருப்பைக் கழற்றினாள்.