தெரிவதை மட்டும் சொல்லுங்கள்

"சார், மூணாவது தடவை கேக்கறேன். மேல் வரியில என்ன எழுத்து தெரியுது?"

"எழுத்துன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களேம்மா. அங்கதான் தப்பு," என்றார் பேராசிரியர், இடது கண்ணை உள்ளங்கையால் மூடியபடி.

கண் பரிசோதகி பேனாவை மேசையில் வைத்தாள். பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவள். அந்தப் பெயர் இன்றோடு போய்விடும் போலிருந்தது. வெளியே பதினோரு பேர் காத்திருக்க, இந்த மனிதரிடம் ஒரே ஓர் எழுத்தை வாங்க முடியாமல் கால் மணி நேரம் ஓடிவிட்டது.

"இன்னைக்குள்ள கண் பார்வைச் சான்றிதழ் கொடுக்கலைன்னா வேலை நீட்டிப்பு கிடையாதுன்னு பல்கலைக்கழகத்துல கறாரா சொல்லிட்டாங்க," என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவி. "ஒரு எழுத்தைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"வகுப்புல நடத்தற புத்தகத்துல இன்னும் நாப்பது பக்கம் இருக்கு. பாதியில விட்டுட்டு வீட்ல உக்கார என்னால முடியாது," என்றார் பேராசிரியர்.

"தோற்றவியல்னு ஒரு பாடம் மேடம்," என்று மனைவி பரிசோதகியிடம் முறையிட்டாள். "ஒரு பொருளைப் பத்தித் தெரிஞ்சதையெல்லாம் ஒதுக்கி வச்சுட்டு, அது நமக்கு எப்படித் தோணுதுன்னு மட்டும் பாக்கணுமாம். மூணு வருஷமா ஒரே புத்தகம். ஒரு வகுப்புக்கு ஒரு பத்தி. பசங்க சத்தமாப் படிக்கணும், இவர் வரிவரியா விளக்குவார். வீட்லயும் இதே கூத்துதான். சாவி எங்கேன்னு கேட்டா, சாவிங்கறது முதல்ல என்னன்னு ஆரம்பிச்சுடுவார். கடைசியில நானே தேடி எடுத்துக்கணும்."

"எழுத்து வேணாம் சார், எண்ணாவது சொல்லுங்க. அட்டையை மாத்தறேன்." பரிசோதகி விருட்டென்று எழுந்து சுவரருகே போனாள். அவளுக்குத் தலை வலித்தது.

"எண்ணுங்கறதும் ஒரு முடிவுதானே?"

"போதும்," என்று மனைவி வெடித்தாள். "தோணறதையாவது சொல்லுங்க. அதானே உங்க பாடம்?"

பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வகுப்பில் பேசுகிற நிதானம் வந்துவிட்டது.

"சரி, எழுதிக்குங்க. வெள்ளையா ஒரு பரப்பு. அதுல கருப்பா சில கோடுகள். மேல பெருசு, கீழ வரவரச் சிறுசு. கடைசி வரி வரைக்கும் துல்லியமாத் தோணுது. இதுக்கு மேல என்னம்மா வேணும் உங்களுக்கு?"

மனைவியின் கோபம் போன இடம் தெரியவில்லை. அவள் கை மெல்ல நீண்டு அவர் தோளைப் பற்றிக்கொண்டது.

சுவரில் வெறும் ஆணிதான் இருந்தது. கழற்றிய அட்டையும் மாட்ட வேண்டிய அட்டையும் இன்னும் பரிசோதகியின் கைகளிலேயே இருந்தன.