குடைத் தாத்தாவின் கடைசிப் பக்கம்

முதுகோரமாகப் பிளேடை வைத்து மெல்ல இழுத்தார் பஷீர் அகமது. சத்தமே வரவில்லை. கை அவ்வளவு பழகிவிட்டது.

அறுபட்டு வந்தது புத்தகத்தின் கடைசித் தாள்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டை ஒட்டி அவருக்கு வாடகைப் புத்தகக் கடை. டி.வி. இன்னும் எல்லார் வீட்டுக்கும் வராத எண்பத்துமூன்றாம் வருஷம். எந்தச் சித்திரக்கதை வந்தாலும் கடைசித் தாளை அறுத்துத் தகர டப்பாவில் போட்டுப் பூட்டிவிடுவார். கதையை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். முடிவு வேண்டுமென்றால் மறுநாள் வந்து, தனிக்காசு கொடுத்து, கடையில் நின்றபடியேதான் பார்க்க வேண்டும். ராத்திரியெல்லாம் தூங்காமல் தவித்த பிள்ளைகள் விடிந்ததும் ஓடிவரும். ஈவு இரக்கமா, பாய்க்கா?

அந்தக் கோடையில் சக்கைப்போடு போட்டது 'குடைத் தாத்தா'. வேறு குளத்தில் விடுகிறேன் என்று மீன்களை ஏமாற்றித் தின்ற கொக்கின் கதையை எவனோ ஒரு புண்ணியவான் பயங்கரமாகத் திருப்பி வரைந்திருந்தான். இதில் கொக்கு மனுஷன், மீன்கள் பிள்ளைகள். நீள மூக்கும் வெள்ளை ஜிப்பாவும் வெள்ளைக் குடையுமாகத் தாத்தா வருவார், முட்டாய் கொடுத்துக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவார். முகத்தில் அப்படி ஒரு கனிவு. எலும்புக் குவியல் கடைசிப் பக்கத்தில்தான் வரும்.

"ஏனுங்க பாய், இது உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா?"

கிளியூர் ராசாத்தி மகளை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். முந்தின நாள் அவசரத்தில் பிளேடு படாமல் போன ஒரே புத்தகம் அவள் மகள் மாது கைக்குப் போயிருந்தது.

"கடைசிப் பக்கத்தப் பாத்துப்போட்டு ராத்திரி பூரா ஒரே அலறலுங்க. காத்தால சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வந்த பெரியவரு ஒருத்தரு, பாவம், வெள்ளையுஞ் சொள்ளையுமா குடையப் புடிச்சுட்டு நின்னாரு. 'வா கண்ணு'ன்னு ஒரு முட்டாய நீட்டுனாருங்க. இவ ஊரே கூடற மாதிரி கத்திட்டு ஓடறா! எம்மானமே போச்சு. அவருகிட்ட நாந்தான் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தனுங்க."

பஷீர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

"உம்மக தொடைநடுங்கியா இருந்தா எம்புத்தகம் என்னம்மா பண்ணும்? எம்மகளப் பாரு. தெனம் இதையேதான் படிக்கறா. பயம்னா கிலோ என்ன வெலைன்னு கேப்பா."

புத்தகக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்த ஜைனப் நிமிர்ந்து பார்த்தாள். ஏழு வயசு. தர்கா தர்காவாக ஏறி இறங்கி, நேர்ச்சை வைத்து, தலை நரைக்கிற காலத்தில் பஷீர் பெற்ற ஒரே மகள். அவளுக்கு ஒரு தும்மல் வந்தால் மனுஷர் கடையைப் பூட்டிவிடுவார்.

"அவருக்கு மூக்கு நீளமா இருந்துச்சாங்க அக்கா?" என்றாள் ஜைனப்.

"ஆமாங் கண்ணு, கொஞ்சம் நீளந்தான்."

"கேக்கறதப் பாத்தியா!" பஷீருக்குப் பெருமை தாங்கவில்லை. ராசாத்தி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மகளோடு பஸ்ஸுக்கு நடந்தாள்.

"அத்தா, எனக்கும் அந்தக் கடைசிப் பக்கத்தக் காட்டுங்கத்தா. ஒரே ஒரு வாட்டி."

அது மட்டும் நடக்காது. போன வருஷம் ஒரு கதையின் முடிவைப் பார்த்துவிட்டு, கடைக்கு வந்த பிள்ளைகளிடமெல்லாம் உளறிவைத்தவள் இவள். அப்புறம் அந்தத் தகர டப்பாவை ஒருத்தரும் சீண்டவில்லை. மகளாவது மண்ணாவது, தொழில் தொழில்தான்.

"அப்ப சொல்லவாவது சொல்லுங்க. தாத்தா புள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போறாரு?"

"நல்ல எடத்துக்குத்தான் சாமி. பெரிய ஆரஞ்சுத் தோட்டம், மரத்துக்கு மரம் ஊஞ்சல். போனதுங்க திரும்பி வரவே மாட்டேன்னுருச்சுங்க, அவ்வளவு சந்தோசம்!"

சொல்லிவிட்டுத் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார். பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. சுற்றிலும் தெரிந்த முகங்கள், என்ன பயம்? "கடையப் பாத்துக்க கண்ணு, தோ வந்தர்றேன்" என்று தொழுகைக்குப் போனார்.

திரும்பி வந்தபோது கடை திறந்து கிடந்தது. புத்தகக் கட்டின் மேல் 'குடைத் தாத்தா' விரித்தபடி கிடந்தது. மகளைக் காணோம்.

"ஜைனப்! ஏ ஜைனப்!"

சோடாக் கடையில் கேட்டார். ஆரஞ்சுக் கூடைக்காரியிடம் கேட்டார். திருவிழாக் கூட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையாகப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அல்லா, அல்லா என்று வாய் அடித்துக்கொண்டது.

பஸ் ஸ்டாண்டில் ராசாத்தி இன்னும் கிளியூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். மாது அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்து நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ராசாத்தி! எம்புள்ளையப் பாத்தியாம்மா?"

"பாத்தனுங்களே! நீங்க சொன்னது நெசந்தானுங்க பாய், நொம்ப தைரியசாலி. அந்தக் குடைக்காரப் பெரியவரு கையப் புடிச்சுட்டு, சிரிச்சுட்டே சேலம் பஸ்ஸுல ஏறுச்சுங்க. உங்க ஊட்டுக்கு வேண்டியவராட்டம் இருக்குதுன்னு நெனச்சுட்டனுங்க. இந்நேரம் பாதி மலை எறங்கியிருக்குமுங்க."

பஷீர் பஸ் ஸ்டாண்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏதாச்சும்... ஏதாச்சும் சொன்னாளா?"

"சொல்லுச்சுங்க. 'கடைசிப் பக்கத்த நானே போய்ப் பாத்துக்கறேன், அத்தாகிட்டச் சொல்லீருங்க'ன்னுச்சு."