பன்னிரண்டு முதல் ஒன்று வரை

முப்பத்தொரு வருடம் தேயிலை மலையில் வேலை செய்து இறந்துபோன கணவன் சின்னத்தம்பியின் ஈ.பி.எஃப். பணத்தில், பேச்சியம்மா லயத்து வீட்டுக் கூரைமேல் சோலார் பூட்டினாள். மூட்டம் கட்டிய நாளிலும் காலை ஏழரைக்கே பேட்டரி ஏறத் தொடங்கிவிடும். பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரை மட்டும், சுள்ளென்ற வெயிலிலும், இன்வெர்ட்டர் பூச்சியம் காட்டும். ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் பூச்சியந்தான்.

பூட்டிக்கொடுத்த விஜிதரன் மஸ்கெலியாவிலிருந்து வந்து, எல்லா வயரையும் கழற்றி மாட்டிப் பார்த்தான்.

"கோளாறே இல்லீங்க அக்கா. எதுக்கும் தகட்ட மாத்தித் தந்துர்றேன்."

"வேணாம் தம்பி. பன்னெண்டுக்குச் சாப்பாடு. ஞாயித்துக்கெழம பெரட்டு இல்ல, வேலையும் இல்ல."

சொல்லிக்கொண்டே ரொட்டியும் சம்பலும் வைத்த தட்டை இன்வெர்ட்டருக்குக் கீழே வைத்தாள். மணி பன்னிரண்டானதும் எண் பூச்சியமானது.

ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், வெளியே ஆளில்லாத தண்ணீர்ப் பீலியில் யாரோ கை கழுவும் சத்தம் கேட்டது. எண் மெல்ல ஏறத் தொடங்கியது.