கழற்றிய டர்போ

அன்புள்ள பிளஸ்ஸிக்கு, அப்பா எழுதுவது.

ஞாயிறன்று வீட்டிலேயே காரில் எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவை மாற்றினோம். மெக்கானிக் பாலு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். நான் ஸ்டூலில் டார்ச்சோடு. அம்மா வாசற்படியில்.

"இன்னா சார், நிறுத்துனவுடனே சாவியத் திருப்பிடுவீங்களா? டர்போ நெருப்பாக் கொதிக்கும், ஒரு நிமிசம் சும்மா ஓடவுட்டு ஆறவுடணும். பாரு, ஆயில் கருகிக் கீது" என்றார் பாலு.

அது உன் தம்பி எபியின் பழக்கம். அவனை அடக்கம் செய்து ஏழு மாதமாகிறது.

பழைய டர்போவைச் செய்தித்தாளில் சுற்றிக் கூடத்து மூலையில் வைத்தேன். மறுநாள் மாலை ஆறரைக்கு, அவன் பொத்தேரியில் காலேஜ் முடிந்து காரில் திரும்பும் நேரத்தில், தாள் கருகும் வாடை வந்தது. தொட்டேன், விரல் கொப்பளித்துவிட்டது. வெளியே கார் குளிர்ந்துதான் இருந்தது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

"இன்னிக்கும் உடனே ஆஃப் பண்ணிட்டான் பாருங்க" என்று சிரித்துக்கொண்டே அம்மா மூன்றாவது தட்டை வைக்கிறாள்.

அவளை உன்னிடம் கொண்டுவந்து விடத்தான் வண்டியைச் சரிசெய்தேன். "புள்ள வர்றப்போ வீடு பூட்டிக் கிடக்கலாமா?" என்கிறாள். சனிக்கிழமை எங்களை எதிர்பார்க்காதே.

இப்போது மணி ஆறே முக்கால். உறைக்குப் பசை தடவி, சீக்கிரம் காயட்டும் என்று அந்த டர்போவின் மேல் வைத்து எடுத்துத் தபாலில் சேர்க்கிறேன். ஓரம் கருகியிருந்தால் பயப்படாதே.