சுன்னேவாவின் கம்பளி

கம்பளிச் சந்தையில் மூன்று முறை அவள் அந்த மேசையைக் கடந்து போய்விட்டாள்.

அங்கே உல்வர் இல்லை என்பது உறுதியான பிறகு, நான்காம் முறை நின்றாள்.

மேசைக்குப் பின்னால் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். நரைத்த பின்னல். மடியில் பாதி பின்னிய காலுறை. சட்டையில் குத்தியிருந்த அட்டையில் ஸ்டைன்வோர் என்ற பெயரும், அதற்குக் கீழே பண்ணையின் பெயரும்.

சந்தை நடந்த விளையாட்டு அரங்கம் முழுவதும் கம்பளி வாசனை. வெளியே ஜூன் மாத மழை. பெண்கள் நூல் சிட்டங்களைக் கழுத்தில் வைத்து உரசிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குத்துமா குத்தாதா என்று கைக்குத் தெரியாது.

நூல் வாங்கப் போவதாக மகளிடம் சொல்லிவிட்டு, தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து நான்கு மணி நேரம் பேருந்தில் வந்திருந்தாள்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன், கோடை மேய்ச்சலுக்காக ஆடுகளை மலைக்கு ஓட்டிவிட்ட ஒரு ஜூனில், அவள் உல்வரின் பண்ணையை விட்டுப் போனாள். செப்டம்பரில் ஆடுகள் இறங்கும்போது வந்துவிடுவேன் என்றாள்.

வரவில்லை.

தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். அதற்குப் பிறகு அவன் அவளை ஒரு நாளாவது நினைத்தானா. அதை யாரிடமும் கேட்க முடியாது. இந்தப் பெண்ணிடம் கேட்கவே முடியாது.

ஒவ்வொரு சிட்டத்திலும் எந்த ஆட்டின் கம்பளி என்று எழுதிக் கட்டியிருந்தார்கள். கறுப்பி. சாம்பலி. வெள்ளைக்கழுத்தி.

சுன்னேவா.

அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தாள்.

"அது திமிர் பிடிச்சது," என்றாள் ஸ்டைன்வோர். "செப்டம்பர்ல எல்லா ஆடும் மலையிலேர்ந்து இறங்கிடும். இது இறங்காது. எங்க வீட்டுக்காரர் பனியில தனியா ரெண்டாந்தடவை, மூணாந்தடவை ஏறித் தேடுவார். எனக்காக அந்த மனுஷன் மாடிப்படி ஏறினதில்ல."

அவள் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் அது.

"ஆட்டுக்கு மனுஷி பேரா?"

"கேட்டா வாயைத் திறக்க மாட்டார். இது மூணாவது. ஒண்ணு செத்துப்போச்சுன்னா, அடுத்து எது இறங்கி வராம அடம் பிடிக்குதோ அதுக்கு இந்தப் பேரு."

அவள் சிட்டத்தைக் கழுத்தில் வைத்தாள். குத்தியது. எடுக்காமல் வைத்திருந்தாள்.

"அது கொஞ்சம் குத்தும். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"பரவாயில்லை."

அந்த ஆட்டின் கம்பளியில் இரண்டு சிட்டங்கள்தான் மிச்சம். இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

ஸ்டைன்வோர் ஒரு நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். இடது பக்கம் ஆட்டின் பெயர். வலது பக்கம் வாங்கியவர் பெயர்.

"எழுதிட்டுப் போங்க. குளிர்காலம் பூரா அவருக்கு இதான் படிப்பு. எந்த ஆடு யார் வீட்டுக்குப் போச்சுன்னு ஒரு வரி விடாம பார்ப்பார்."

பேனா கம்பளி நூலில் கட்டியிருந்தது.

இடது பக்கம் எழுத நேரம் ஆகவில்லை.

வலது பக்கத்தில் பேனா நின்றது. பின்னால் யாரோ இருமினார்கள். எந்தப் பெயரை எழுதினாலும் இந்தப் பெண் நம்புவாள். அன்னா என்று எழுதலாம். மகளின் பெயரை எழுதலாம்.

தன் பெயரையே எழுதினாள்.

ஸ்டைன்வோர் நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். படித்ததும் சிரிப்பில் தோள்கள் குலுங்கின.

"ரெண்டு பக்கமும் ஆட்டோட பேரையே எழுதிட்டீங்க."

அவள் பேனாவை நோட்டின் மேல் வைத்தாள். மறுபடி எடுக்கவில்லை.

"சரி விடுங்க, அடிக்க வேணாம்," என்றாள் ஸ்டைன்வோர், காலுறையைக் கையில் எடுத்துக்கொண்டே. "பார்த்தா உல்வர் சிரிப்பார்."