கேமராவுக்கு வைத்த பொட்டு

அந்தச் சின்ன எஸ்யூவியை வாங்கும்போது சன்ரூஃப் வேண்டாம், அலாய் வீல் வேண்டாம் என்று எல்லாவற்றையும் தள்ளிய அருணகிரி, பின்பக்கக் கேமராவுக்கு மட்டும் தனியாகப் பணம் கட்டினார். எலும்பு தேய்ந்து அவர் கழுத்து திரும்பாமல் போய் இரண்டு வருடம் ஆகிறது. புது வண்டிக்குப் பூஜை போட்ட குருக்கள், நம்பர் பிளேட்டுக்கு மேலே கறுப்பாக உருண்டையாக இருந்த அந்தக் கண்ணாடியில்தான் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். அன்றிலிருந்து ரிவர்ஸ் போட்டால் திரை முழுக்கச் சிவப்பு.

"சாமி பொட்டுங்க, கை வச்சிராதீங்க" என்று மனைவி வடிவு தடுத்துவிட்டாள். உதிர்ந்தால் வெள்ளிதோறும் புதிதாகவும் வைத்தாள்.

"கேமராவுல அப்பி வச்சா நான் எப்படிடி பின்னால பாக்குறது?"

"அதான் சாமி பாத்துக்குதுல்ல?"

சாமி பார்த்துக்கொண்ட லட்சணத்தில் எதிர்வீட்டுச் சுவரில் இரண்டு முறை இடித்தாயிற்று.

இந்த வெள்ளிக்கிழமை, அவள் பூஜையறையில் இருந்த நேரம் பார்த்து, ஈரக் கைக்குட்டையால் கேமராவை அழுந்தத் துடைத்தார். ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டார். முதல்முறையாகத் தெரு தெரிந்தது. அவர் பெயர்த்த சுவர்கூடத் தெளிவாகத் தெரிந்தது. அப்போது திரையின் ஓரத்தில் வடிவு, கையில் குங்குமச்சிமிழ். ஹார்னை விடாமல் அடித்தார். இருங்க என்று கையமர்த்திவிட்டு அவள் குனிந்தாள்.

"வேணாம்டி!" என்று கத்தினார். கதவுக் கண்ணாடிகளை ஏற்றியிருந்தார்.

திரை நிறைய அவள் முகம். மூடிய இமைகள், முணுமுணுக்கும் உதடுகள். இவ்வளவு பக்கத்தில் அவளைப் பார்த்துப் பல வருடம் ஆகிவிட்டது. பிரேக்கை மிதித்தபடி அவர் பார்த்துக்கொண்டே இருக்க, சிவந்த மோதிரவிரல் ஒன்று பெரிதாகிக்கொண்டே வந்தது.